சிட்டுகள் இல்லாமல் போன மூன்று வருடம்

என் மனைவி பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. பேறுகாலத்துக்கு என்று போனாள். பேரன் இப்போது தவழ்ந்து, கையில் கிடைக்கிற செருப்பை எல்லாம் வாயில் வைக்கிறான். ஊருக்குத் திரும்புகிற பேச்சை எடுத்தாலே "பாப்போம்" என்று மகளிடம் சொல்லி அனுப்புவாள். போன கார்த்திகையில் மகளே உடைத்துச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அம்மா இங்கனயே இருந்துக்கிடுதேங்கா. அங்க வந்தா பேச ஆள் இல்லைங்கா."

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கேட்டேன். போனை வைத்துவிட்டு கேமரா பேட்டரியைச் சார்ஜில் போட்டேன். டப்பாவில் ரவை இருந்தது. உப்புமா கிண்டிச் சாப்பிட்டேன்.

வருத்தம் வரும் வரும் என்று நானும் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் கூட இருந்தவள் இனி வரமாட்டேன் என்கிறாள். மனுசனுக்கு ஏதாவது ஒன்று வரவேண்டாமா? அழுகை வேண்டாம், கோபமாவது? ஊகூம். உள்ளே ஒன்றும் அசையவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து குருவி பார்க்கப் போனேன்.

எனக்கு ஊர் ஆழ்வார்குறிச்சி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலையில் இருபத்தாறு வருடம் சூப்பர்வைசராக இருந்தேன். மூன்று மெஷினும் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றால் அவன் காதுக்குள் போய்க் கத்த வேண்டும். அந்த இரைச்சலில் இருந்து தப்பிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கடனாநதிப் பக்கம் நடக்கப் போனேன். நடக்கப் போனவன் குருவிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு கேமரா வந்தது. அப்புறம் பெரிய லென்ஸ் வந்தது. ஓய்வுபெற்ற பிறகு தினமும் அதுதான் வேலை.

வேலை என்று சும்மா சொல்லவில்லை. எனக்கு ஒரு முறை உண்டு. வீட்டிலிருந்து கால்வாய்க் கரை வழியாக ஆற்றுப் பாலம் வரை எட்டு இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் பத்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். நோட்டில் ஒரு பக்கம் கண்ணில் பட்டவை, மறுபக்கம் சத்தம் மட்டும் வந்தவை. நாரை, கூழைக்கடா, நீர்க்காகம் எல்லாம் கண்ணுக்குத் தானாகவே தெரியும். சின்னக் குருவிகள் அப்படி இல்லை. பூங்கொத்தி கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். இலைக்குள் உட்கார்ந்தால் கடவுளாலும் கண்டுபிடிக்க முடியாது. 'டிக் டிக்' என்று அது கத்தினால்தான் உண்டு. காது இடத்தைக் காட்டும், கேமரா அங்கே திரும்பும். படம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

சத்தம் போடுகிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. யாராவது கூட வந்தால், அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே இடது கையைப் பின்னால் நீட்டி உள்ளங்கையைக் காட்டுவேன். அசையாதே, பேசாதே என்று அர்த்தம். கண்ணைக் கேமராவில் இருந்து எடுக்காமலே செய்துவிடலாம். நல்ல பழக்கம் என்று பெருமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஐப்பசியில் முதலில் பூங்கொத்தியின் சத்தம் நின்றது. மூன்றாவது இடத்தில், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், ஒரு தேன்பழ மரம் இருக்கிறது. அந்த மரத்தில் பூங்கொத்தி இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. ஒரு வாரம் நின்றேன். சத்தம் இல்லை. அடுத்து வெள்ளைக்கண்ணி. அடுத்து தேன்சிட்டு. மறு வருடம் பாலத்துக்கு அடியில் சிறு மீன்கொத்தி 'ச்சீ' என்று கீச்சிட்டுப் போகுமே, அதுவும் இல்லை. நோட்டில் மறுபக்கம் நாளுக்கு நாள் காலியாகிக்கொண்டே வந்தது. செம்போத்து, புறா, மயில், தவிட்டுக்குருவி. அவ்வளவுதான் மிச்சம்.

விடுவேனா? குருவி பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன். ஒரு பத்திரிகைக்கு வாசகர் கடிதமும் போட்டேன். கடனாநதிக் கரையில் சின்னக் குருவி இனமே அற்றுப்போய்விட்டது, வயலில் அடிக்கிற மருந்தும் செல்போன் டவரும்தான் காரணம், அதிகாரிகள் தூங்குகிறார்களா என்று சாடி எழுதினேன். கடிதம் அச்சில் வந்தது. டீக்கடையில் அதைக் கண்ணாடிக்குள் ஒட்டி வைத்தார்கள். "டவர் வந்ததுல இருந்துதான் அண்ணாச்சி, எங்க வீட்டு மாடு கூட சரியா பால் கறக்க மாட்டேங்கு" என்று கடைக்காரர் சொன்னார். ஆமா ஆமா என்றேன். எனக்கு அவ்வளவு நிச்சயம்.

வீட்டில் என் மனைவி என்ன சொன்னாள் என்று நினைவில்லை. அவள் ஏதாவது சொன்னாளா என்பதே நினைவில்லை. மெல்லப் பேசுகிறவள். கல்யாணம் ஆன புதிதில் எங்கள் அம்மாவே, "பிள்ளைக்குத் தொண்டைக்குள்ள யாரும் உக்காந்திருக்காகளா?" என்று கேலி செய்ததுண்டு.

இந்தத் தை மாதம் தென்காசிப் பக்கத்தில் இருந்து ஒரு டீச்சர் வந்தார். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர், நாற்பது வயது இருக்கும், எங்கள் குழுவில் இருக்கிறவர். என் கடிதத்தைப் படித்துவிட்டு, தன் கண்ணால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வாங்க என்றேன். ஆறரைக்கு இரண்டு பேரும் கிளம்பினோம்.

தேன்பழ மரத்தடியில் பத்து நிமிடம் நின்றோம். பொதிகை மலை மேலே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கையை விரித்துக் காட்டினேன்.

"பாத்தீங்களா டீச்சர்? ஒரு சத்தம் உண்டா? முன்னால எல்லாம் இங்கன நின்னா காதைப் பொத்திக்கிடணும்."

அவர் நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதுதீங்க?"

"பூங்கொத்தி மூணு, தேன்சிட்டு ரெண்டு, வெள்ளைக்கண்ணி ஒரு கூட்டம், எட்டுப் பத்து இருக்கும்" என்றவர், தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, விளையாடுதீங்களா? உங்க தலைக்கு நேர் மேலதான கத்துது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க? எனக்கா குருவி காட்டுதீங்க?"

அவர் விரலை நீட்டினார். கேமராவை அந்தப் பக்கம் திருப்பினேன். இலைக்குப் பின்னால் ஒரு பூங்கொத்தி. லென்ஸில் நிறைந்து நின்றது. அலகு திறந்தது, மூடியது, திறந்தது. தொண்டையில் சின்ன இறகுகள் படபடவென்று நடுங்கின. வால்கூட ஒவ்வொரு கத்தலுக்கும் துள்ளியது. சத்தம் மட்டும் இல்லை. நான் ஷட்டரை அமுக்கினேன். ஷட்டர் சத்தம் கேட்டது. குருவியின் சத்தம் வரவில்லை.

இருபது படம் எடுத்திருப்பேன். எல்லாவற்றிலும் வாய் திறந்தே இருந்தது.

"காதை ஒரு தடவ காட்டிருங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர், மெல்ல. அவர் உதட்டைப் பார்த்துத்தான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது.

"என் காதுக்கு என்ன கேடு? அங்கன செம்போத்து கத்துனது உங்களுக்கு முன்னாடி எனக்குல்லா கேட்டுச்சு!" என்று சத்தம் போட்டேன். அது நிஜமும்தான். அவர் மிச்சம் ஐந்து இடங்களுக்கும் வந்தார், எழுதினார், போய்விட்டார். சாயங்காலம் அவருடைய பட்டியல் போனில் வந்தது. நான் அற்றுப்போனதாக எழுதிய அத்தனையும் அதில் இருந்தன.

நான்கு நாள் கழித்துப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். காது ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். காதில் ஒரு கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் வந்தால் அமுக்குங்கள் என்றார்கள். முதலில் அமுக்கிக்கொண்டே இருந்தேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. சோதனை முடிந்துவிட்டது போல என்று நினைத்து, பொத்தானைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதனை செய்கிற பெண் இன்னும் ஒவ்வொரு சத்தமாக வைத்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து, பிறகு தடாலென்று கீழே விழுந்திருந்தது.

"எத்தனை வருசமா மெஷின் பக்கத்துல வேலை பாத்திய?"

"இருபத்தாறு."

"அதான். வண்டிச் சத்தம், ஆம்பளையாளுவ பேச்சு எல்லாம் விழும். சன்னமான சத்தம் விழாது. பின்னால நின்னு யாராவது பைய பேசுனா, பேசுததே உங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாப் போறதால நமக்கே தெரியாது பாத்துக்கிடுங்க. வீட்டுல யாரும் சொல்லலியா?"

"வீட்டுல யாரும் இல்லை" என்றேன்.

ஒரு வாரத்தில் காது மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், ஐயோ, என்ன இரைச்சல்! என் செருப்பே என்னைத் துரத்தியது. பாலித்தீன் பை எண்ணெய்ச் சட்டி மாதிரிப் பொரிந்தது. பஸ்ஸில் யாரோ ஒருத்தி வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தாள், திருநெல்வேலியில் இருந்து ஊர் வரைக்கும் அதுதான் காதில். வீட்டுக்கு வந்து புறவாசல் கதவைத் திறந்தேன். முருங்கை மரத்தில் தேன்சிட்டு கத்திக்கொண்டிருந்தது. வேலியில் இன்னொன்று பதில் சொன்னது.

துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மூன்று வருடம் தேடிய சாமான் வீட்டு வாசலிலேயே கிடந்திருக்கிறது. சரி, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் தோன்றியது. உள்ளே போய்க் காலை உணவுப் பாத்திரத்தைக் கழுவினேன்.

குழுவில் எழுதினேன்: குருவிகள் எங்கும் போகவில்லை, போனது என் காது, மன்னிக்கவும். நிறையப் பேர் கைகூப்புகிற படம் அனுப்பினார்கள். டீக்கடைக்குப் போய்க் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னேன். "இருக்கட்டும் அண்ணாச்சி, டவரும் லேசுப்பட்டது இல்லைல்லா" என்று அவர் விட மறுத்துவிட்டார். டீச்சர் மட்டும் ஒன்று கேட்டார். மூன்று வருடப் பட்டியல் தப்பாகப் பதிவாகிக் கிடக்கிறது, நீங்கள் எடுத்த வீடியோ ஏதாவது இருந்தால் சத்தத்தைக் கேட்டுத் திருத்திவிடுங்களேன் என்றார்.

வீடியோ இருந்தது. புறவாசலில் முருங்கைக்கு அடியில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்திருக்கிறேன். ஆற்றுப்பக்கம் போகாத நாளில் அதன் எதிரே நாற்காலி போட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தி, குருவி குளிப்பதை எடுப்பேன். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று சின்னச் சின்னத் துண்டுகள். எடுத்தவற்றை நான் ஒருநாளும் சத்தத்தோடு போட்டுப் பார்த்ததில்லை. படம் துலக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பழையதில் இருந்து வரிசையாகப் போட்டேன். முதல் துண்டில் தவிட்டுக்குருவி குளிக்கிறது. பின்னால் எங்கேயோ பூங்கொத்தி. எழுதினேன். இரண்டாவதில் தேன்சிட்டு. எழுதினேன். மூன்றாவதில், தேன்சிட்டுக்கு மேலே, ரொம்பப் பக்கத்தில், என் மனைவியின் குரல்.

"காப்பி ஆறுது, வாங்க."

அடுப்படி வாசல் நாற்காலிக்குப் பின்னால் நான்கு அடி தூரம். அங்கே நின்றுதான் பேசியிருக்கிறாள். வீடியோவில் என் பதில் இல்லை.

அடுத்தடுத்துப் போட்டேன். குருவிகளை எழுத வந்தவன், கை பழக்கத்தில் அவள் பேசியதையும் அதே நோட்டில் எழுதினேன். தேதி, நேரம், இடம், சத்தம்.

மார்கழி, காலை ஏழு, முருங்கை. "ஏங்க, ஆஸ்பத்திரியில இருந்து அண்ணன் வந்துட்டாகளான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

மாசி, ஆறே முக்கால், முருங்கை. "நாளைக்கு நானும் வரட்டுமா? சும்மா பின்னால வந்து நிக்கேன். பேசவே மாட்டேன்."

அதற்கு நான் என்ன செய்தேன் என்று அடுத்த வரியில் தெரிந்தது. "கையைக் காட்டாதீங்க. போறேன்." பிறகு செருப்புச் சத்தம். அவள் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. தரையில் அவள் நிழல் அசைந்திருக்கும், குருவி பறந்துவிடும் என்று உள்ளங்கையைக் காட்டியிருப்பேன்.

வைகாசி. "ஏங்க." கொஞ்ச நேரம் கழித்து, "ஏங்க." அவ்வளவுதான்.

ஆடி. அழுகிறாள். அவள் அண்ணன் இறந்த மாதம் அது. கேமராவுக்கு முன்னால் ஒரு கொண்டைக்குருவி இறக்கையை விரித்து விரித்துக் குளிக்கிறது. அருமையான படம். நான் அதைக் குழுவில் போட்டு எல்லோரும் பாராட்டியிருந்தார்கள்.

கடைசியாக அவள் குரல் வந்தது போன வருடம் பங்குனியில். ஏதோ சொல்ல வந்து நிறுத்திவிட்டு, "ஒண்ணுமில்லை. நீங்க குருவியப் பாருங்க" என்கிறாள். அதற்குப் பிறகும் அவள் இரண்டு மாதம் இந்த வீட்டில்தான் இருந்தாள். அந்த இரண்டு மாதத் துண்டுகளையும் ஒன்று விடாமல் போட்டேன். பூங்கொத்தி இருக்கிறது, வெள்ளைக்கண்ணி இருக்கிறது, பாத்திரம் வைக்கிற சத்தம் இருக்கிறது. அவள் பேச்சு இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகளுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன். காது மெஷின் வாங்கியதை இரண்டு பேரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை. நேரே மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

"அம்மாகிட்ட குடு" என்றேன்.

மகள் உள்ளே திரும்பி, "அம்மா, அப்பா" என்றாள். அறைக்குள் இருந்து பதில் வந்தது. அந்தப் பதில் எட்டு மாதமும் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். மகள் போனில் உரக்கப் பேசுவாள், அது விழும். இது எனக்கு விழுந்ததில்லை. நான் எதையும் காதில் வாங்காதவன் என்று பழகி, போனைப் பொத்துகிற வழக்கமும் அவர்களிடம் இல்லை.

"என்னத்தப் பேச? சாப்பிட்டேன்னு சொல்லு. அவருகிட்டப் பேசுததும் இந்தச் செவுத்துகிட்டப் பேசுததும் ஒண்ணுதான். நான் அங்கன போக மாட்டேன் பிள்ளே. செத்துக் கெடந்தாலும் குருவி வந்துல்லா அவருக்குச் சொல்லணும்."

மகள் போனுக்குத் திரும்பினாள். "அம்மா குளிச்சிக்கிட்டு இருக்காப்பா."

எட்டு மாதத்தில் எத்தனை தடவை குளித்துவிட்டாள்!

"குளிக்கலைன்னு தெரியும். குடும்மா" என்றேன்.

போன் கைமாறியது. அவள் மூச்சு விடுவது கேட்டது. பேரன் எதையோ தரையில் தட்டுவதும் கேட்டது.

"ஏளா, நீ சொன்னது கேட்டுச்சு" என்றேன். "காதுக்கு மெஷின் மாட்டியிருக்கேன். சன்னமான சத்தம் எதுவும் எனக்கு விழாமலே இருந்திருக்கு. இப்பத்தான் தெரிஞ்சுது."

போனை வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"எத்தனை நாளா காது இப்படி?" என்றாள்.

"சரியாச் சொல்ல முடியலை. மூணு வருசம் இருக்கும். பூங்கொத்தி சத்தம் நின்னுபோச்சுன்னு ஐப்பசியில எழுதியிருக்கேன். அப்புறம் வெள்ளைக்கண்ணி. அப்புறம் தேன்சிட்டு. எல்லாத்துக்கும் தேதி இருக்கு."

"ஒவ்வொரு குருவியும் என்னைக்கு நின்னுதுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

"ஆமா."

"நான் என்னைக்குப் பேச்சை நிறுத்துனேன்னு தெரியலையாக்கும்."

அவள் கத்தவில்லை. எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரல்தான். ஒரு எழுத்து விடாமல் விழுந்தது. நெஞ்சில் வலித்தது, எட்டு மாதத்தில் முதல் தடவையாக. நோட்டில் பங்குனிப் பக்கத்தைப் புரட்டினேன். காதில் விழவில்லை என்று இருந்துவிட இனி வழியில்லை.